உஷார்! அந்த சைக்கிளை மினுக்காதீர்கள்!

நில்லுங்கள்! கையில் இருக்கும் கம்பி பிரஷை முதலில் கீழே வையுங்கள். ஸ்டீல் வூலையும் வையுங்கள். ஹாட்வெயார் கடையில் வாங்கி வந்த பெயரில்லாத போத்தலை இறுக மூடி, சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்து இதை வாசியுங்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த நாடு சைக்கிளைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆசை மலைநாட்டையும் விடவில்லை. கனடா மாமாவோ சுவிஸ் சித்தப்பாவோ தான் ஓடிப் பழகிய சைக்கிளைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்புவதும், மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதும் இப்போது தெல்தோட்டையிலும் நடக்கிறது. அப்படி வருகிறவற்றில் சில டைட்டேனியம் சைக்கிள்கள். பெயின்ட் இருக்காது. மங்கிய சாம்பல் நிறம். பார்த்தால் ‘இது என்ன, பூச மறந்துவிட்டார்களா?’ என்று கேட்கத் தோன்றும்.

“இது துருவே பிடிக்காது, உன் பிள்ளை காலத்துக்கும் கிடக்கும்” என்று மாமா போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய் இல்லை. அரைவாசியைத்தான் சொன்னார்.

துரு அதைக் கொல்லாது. நம் கைதான் கொல்லும்.

தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பொறுப்பான பிள்ளை, சைக்கிளைத் தங்கம் மாதிரி வைத்திருந்தவன். ஆபத்து வந்ததே அந்தக் கவனிப்பால்தான்.

மழைக்காலம். தண்ணீர்ப் போத்தல் தாங்கியின் ஆணிக்குக் கீழே ஃபிரேமில் ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. “துருப் பிடிச்சிருச்சேடா” என்றார் அம்மா. உண்மையில் துருப் பிடித்தது அந்த இரும்பு ஆணி. ஃபிரேமில் இருந்தது அதன் சாயம்தான். நனைந்த துணியால் அழுத்தித் துடைத்திருந்தால் போயிருக்கும். இவனோ கம்பி பிரஷ் எடுத்துத் தேய்த்தான். பளபளத்தது. சந்தோஷப்பட்டான். பனியும் தூறலுமாகச் சில நாட்கள் போனதும், தேய்த்த இடமெல்லாம் மிளகாய்ப் பொடி தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள்!

கம்பி பிரஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் டைட்டேனியத்தின் மேற்பரப்பில் குத்தி நின்றுவிட்டன. மழை பட்டதும் அவை துருப்பிடித்தன. அவன் மறுபடி தேய்த்தான். புள்ளிகள் இன்னும் கூடின. கடைசியில் கார் டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கிற மினுக்கு ஸ்பிரே ஒன்றை வாங்கி வந்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மேலிருந்து கீழ் வரை அடித்துத் தள்ளினான். ஃபிரேம் புதிது போல ஆனது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பேராதனைக்கு இறங்கக் கிளம்பினான்.

கலஹாவைத் தாண்டி ஒரு வளைவு. பிரேக்கைப் பிடித்தான். கீச்சென்று சத்தம் வந்தது. வேகம் குறையவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அப்போதும் இல்லை! எதிரே பஸ் வருவதைக் கண்டவன் சைக்கிளோடு தேயிலைக்குள் சரிந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது அந்தத் தேயிலைச் செடிகளின் புண்ணியம். மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளம்.

ஃபிரேமில் அடித்த ஸ்பிரே பிரேக் தட்டிலும் படும். நீங்கள் அங்கே அடிக்கவே இல்லை என்றாலும் படும். அது காற்றில் மிதந்து போய் உட்காரும் எண்ணெய். கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினாலும் பிடிபடாது. ஆனால் தட்டும் அதைப் பிடிக்கும் பிரேக் பேட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதை அது கெடுத்துவிடும். சமதரையில் இதை நீங்கள் உணராமலே போகலாம். நம் கண்டி மலையில் முதல் இறக்கத்திலேயே தெரியும். தெரிகிற நேரத்தில் காலம் கடந்திருக்கும். பழைய மாதிரி ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கும் அப்படித்தான். ரிம்மில் மெழுகு பட்டால் பிரேக் கட்டை வழுக்கும்.

மினுக்கியே ஆக வேண்டுமா? துணியில் இரண்டு சொட்டு மினுக்குத் திரவம் விட்டு, அந்தத் துணியால் துடையுங்கள். சைக்கிளுக்கு அருகே ஸ்பிரேயை அடிக்கவே வேண்டாம். ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? சக்கரத்தைக் கழற்றி, தட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் சுத்தமான துணி கொண்டு துடையுங்கள். பேட் எண்ணெயைக் குடித்திருந்தால் அதை மாற்றுவதைத் தவிர வழி இல்லை. அடுப்பில் வாட்டினால் சரியாகும், சாண்ட் பேப்பரில் தேய்த்தால் சரியாகும் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சை நம்பி உங்கள் உயிரை விடாதீர்கள். பேட்டின் விலை எலும்பு முறிவுக்கு ஆகும் செலவை விடக் குறைவு.

கதை அதோடு முடியவில்லை. இதற்குப் பின்னால் வரவிருந்ததுதான் பெரிய ஆபத்து!

விழுந்த சைக்கிளைக் கழுவிப் பார்த்தபோது, ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. “கொண்டு வா தம்பி, கிரைண்டரில் ஒரு இழு இழுத்து வெல்டிங் வைத்தால் சரி” என்று ஒரு கராஜில் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துப் பழகிய கை அது. நல்லவேளையாக அன்றிரவு, சைக்கிளை அனுப்பிய சித்தப்பா போன் எடுத்தார். விஷயத்தைக் கேட்டு அலறிவிட்டார்.

ஏன் அலறினார் என்றால், டைட்டேனியம் சூடாகும்போது காற்றில் இருக்கும் ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சிக் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால்தான் வெல்டிங் செய்யும்போது குழாயின் வெளியேயும் உள்ளேயும் ஆகன் வாயுவை நிரப்பி, காற்றே படாமல் காக்கிறார்கள். முறையாகச் செய்த வெல்டிங் வெள்ளி நிறத்தில் இருக்கும், கொஞ்சம் வைக்கோல் நிறமும் இருக்கலாம். நீலமாக, சாம்பலாக, வெள்ளைப் பொடி படிந்ததாக இருந்தால் அந்த ஒட்டு காற்றுப் பட்ட ஒட்டு. பார்க்க உறுதியாகத் தெரியும். நிறுத்தி வைத்திருந்தால் நாள்கணக்கில் தாங்கவும் கூடும். பள்ளத்தில் சக்கரம் குதிக்கும் ஒரு நொடியில் விடும்.

கிரைண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைட்டேனியத்தில் கிரைண்டர் பட்டால் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொறி பறக்கும். விளையாட்டாக இருக்கும். கீழே சேரும் மெல்லிய தூளோ தீப்பிடிக்கக் கூடியது. அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது! கொழுந்துவிட்டு எரியும் டைட்டேனியம் தண்ணீரிலிருந்து ஐதரசனைப் பிரிக்கும். அணைக்க ஊற்றியதே வெடிப்பாகும். உலர்ந்த மணலைப் போட்டு மூடிவிட்டு விலக வேண்டும். எண்ணெய்த் துணியும் பெற்றோல் கேனும் கிடக்கிற கராஜில் இந்த வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பயமுறுத்துகிறாயே, அப்படியானால் இது மோசமான உலோகமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. இரும்பின் எடையில் அறுபது வீதம்கூட வராது. காற்றுப் பட்டதுமே மேலே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்ளும். கீறினால் அந்தப் போர்வை திரும்ப வளரும். கடலுக்கும் வியர்வைக்கும் அஞ்சாததற்கு அதுதான் காரணம். பெயின்ட் தேவைப்படாததற்கும் அதுதான் காரணம். இந்த உலோகம் நமக்கு அந்நியமும் அல்ல. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் கறுப்பாகக் கிடக்கிறதே கடற்கரை மணல், அதில் இருக்கும் இல்மனைட் டைட்டேனியத்தின் தாது. இங்கே அள்ளிக் கப்பலேற்றுகிறோம்.

சைக்கிளுக்கும் இது புதிதல்ல. சைக்கிள் வீரர் லூயிஸ் ஒக்கான்யா 1973இல் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றபோது, இங்கிலாந்தின் ஸ்பீட்வெல் நிறுவனம் செய்த டைட்டேனியம் சைக்கிளையும் அந்தப் போட்டியில் ஓட்டினார். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் வந்த டெலிடைன் டைட்டன் சைக்கிள் கலப்பில்லாத டைட்டேனியத்தில் செய்யப்பட்டது. அது வளைகிறது, முறிகிறது என்று பேர் கெட்டது. பின்னால் வந்தவர்கள் விமானங்களின் ஹைட்ரோலிக் குழாய்களுக்குப் பாவித்த கலப்புலோகத்துக்கு மாறினார்கள். மூன்று வீதம் அலுமினியமும் இரண்டரை வீதம் வனேடியமும் சேர்ந்தது அது. இன்று உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். நல்ல குழாய். ஆனால் மெல்லிய குழாய். பல இடங்களில் சுவர் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. அந்தச் சுவரின் மேல் குறுக்காக ஆழமான கீறல் விழுந்தால், ஒவ்வொரு மிதிப்பிலும் அந்தக் கீறலின் அடியில்தான் பாரம் குவியும். வெடிப்பு அங்கிருந்துதான் புறப்படும். கரடுமுரடான சாண்ட் பேப்பரால் ஃபிரேமைத் தேய்க்க வேண்டாம் என்பது இதனால்தான்.

சரி, எப்படித்தான் கழுவுவது?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், மென்மையான துணி. முக்கால்வாசி வேலை இதிலேயே முடியும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம், அச்சுகளுக்குள் போய்த் தங்கிவிடும். கழுவியபின் உலரத் துடைத்து, துணியில் துளி மெழுகு தொட்டு ஃபிரேமை மட்டும் தடவினால் விரல் அடையாளம் அவ்வளவாகப் பிடிக்காது.

அந்தப் பழுப்புப் புள்ளிகளுக்குத் தேசிக்காய் போதும். சாற்றைத் துணியில் தொட்டுப் புள்ளிமேல் வைத்துச் சிறிது நேரம் விட்டு, மெதுவாகத் தேய்த்து, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். அந்தப் புளிப்பு இரும்புத் துருவைக் கரைக்கும், டைட்டேனியத்தை ஒன்றும் செய்யாது. செயினிலும் அலுமினியத்திலும் படவிடாதீர்கள்.

கோடு கோடாகத் தேய்த்து மங்கலாக்கிய ஃபிரேம் என்றால், மேலோட்டமான கீறலை நீங்களே மறைக்கலாம். பச்சை நிற நைலோன் தேய்ப்பானால், ஏற்கெனவே கோடு ஓடும் திசையிலேயே, ஒரே போக்கில். வட்டமாகத் தேய்த்தால் அசிங்கமாகிவிடும். புதிய தேய்ப்பானாக இருக்க வேண்டும்! குசினியில் இரும்புச் சட்டி தேய்த்த பழையதை எடுத்தால் கம்பி பிரஷ் கதைதான் மறுபடியும். நுண்மணிகளை வீசியடித்து மாவு போல மங்கலாக்கிய ஃபிரேமில் அந்தத் தேய்ப்பானும் வேண்டாம். அதில் பிராசோ போட்டுத் தேய்த்தவர்களின் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன், திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்த மாதிரி. பொன்னிறம், நீலம், ஊதா என்று எழுத்தும் பட்டையும் இருந்தால் அங்கே தேய்ப்பே கூடாது. அது மை அல்ல. மின்சாரம் பாய்ச்சித் தடிப்பாக்கிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளி விளையாடும் நிறம். தேய்த்தால் போயே போய்விடும். உள்ளூர்ப் பெயின்ட்கடையில் அதற்கு மருந்து கிடையாது.

இனி, அந்தப் பெயரில்லாத போத்தல். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

துரு நீக்கி, சக்கரம் வெளுப்பான், கறை போக்கி என்று சில்லறையாக ஊற்றிக் கொடுக்கிறார்களே, அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைடோ இருக்கும். டைட்டேனியத்தைச் சாதாரண அறைச் சூட்டிலேயே அரிக்கக்கூடிய வெகு சில பொருட்களில் அது ஒன்று. சைக்கிள் போகட்டும், கழுதை. அது உங்கள் கையில் பட்டால்? நீர்த்த திரவமாக இருந்தால் பட்டவுடன் எரியாது. அதுதான் கொடுமை. தோலுக்குள் இறங்கிப் போய், உடம்பில் இருக்கும் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி பிறகுதான் தொடங்கும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பட்டதாகச் சந்தேகம் வந்தாலே குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவுங்கள். வலி வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போத்தலைக் கையோடு கொண்டு போங்கள். என்ன பட்டது என்று டொக்டருக்குத் தெரிந்தால்தான் கல்சியம் குளுக்கோனேற் கொடுப்பார். கழிப்பறை கழுவும் திரவமும் சைக்கிளுக்கு வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் செயினையும் அலுமினியப் பாகங்களையும் தின்னும். அதோடு பிளீச்சைக் கலந்தால் விஷ வாயு கிளம்பும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சைக்கிள் கழுவுகிற பிள்ளைகளின் அம்மாமார் இதைக் கேளுங்கள்.

வெளியில் பார்த்தே பழகியவர்கள் உள்ளே நடப்பதை மறந்துவிடுவார்கள். சீட்டைத் தாங்கும் தண்டு பெரும்பாலும் அலுமினியம். டைட்டேனியக் குழாய்க்குள் அது இருக்க, நடுவில் மழைத் தண்ணீரும் வியர்வை உப்பும் போனால், அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகப் பூத்து வீங்கும். தண்டு குழாயோடு ஒன்றாகிவிடும். பிறகு நாலு பேர் சேர்ந்து பைப் போட்டுத் திருப்புவார்கள். குழாய் கிழியும். சில மாதத்துக்கு ஒரு முறை தண்டைக் கழற்றித் துடைத்து, இறுகாமல் காக்கும் அன்டி-சீஸ் பசை தடவி மாட்டுங்கள். டைட்டேனியம் மரைகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பசை வேண்டும், பசையில்லாமல் முறுக்கினால் மரை மரையைக் கடித்துக்கொள்ளும். தண்டு காபனாக இருந்தால் அதற்குரிய பசை வேறு, மாற்றித் தடவாதீர்கள்.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்துங்கள். இவற்றில் ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.

ஒட்டுகளின் ஓரத்தில் கறுப்புக் கோடு. முக்கியமாக ஹேண்டிலுக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்களில், சீட் தண்டு இறங்கும் இடத்து வெட்டில். துடையுங்கள். போய்விட்டதா? சந்தோஷம். வீட்டைச் சுற்றி ஒரு சுற்று மெதுவாக ஓடிவிட்டு மறுபடி பாருங்கள். அதே இடத்தில் கோடு திரும்பி வந்தால் அது அழுக்கு அல்ல, வெடிப்பு! நகத்தால் குறுக்கே இழுத்தால் நகம் மாட்டவும் கூடும்.

மேட்டில் ஏறும்போது மட்டும் வரும் கிறீச் சத்தம். பல நேரம் அது காய்ந்த அச்சாகவோ தளர்ந்த ஆணியாகவோதான் இருக்கும். பசை தடவி இறுக்கியும் விடாமல் கத்துகிறதென்றால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை இறக்கத்தில் இறங்காதீர்கள்.

பிரேக் பிடிக்கும்போது புதிதாகக் கத்துகிறது, பிடி தளர்ந்தது போல இருக்கிறது. முந்திய நாள் யாராவது சைக்கிளை மினுக்கினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். தம்பி ஆசையாகத் துடைத்திருப்பான், திட்டாதீர்கள்.

சீட் தண்டு அசையவே மாட்டேன் என்கிறது. ஃபிரேமில் எங்கோ ஓர் ஒட்டு மட்டும் மற்ற ஒட்டுகளைப் போல இல்லை, நீலமாகவோ சுண்ணாம்பு பூத்தது போலவோ இருக்கிறது. பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள். அளவுக்கு மீறிப் பளபளவென்று மினுக்கி விற்பனைக்கு வைத்திருந்தால் இன்னும் கவனம். முன் ஃபோர்க் பெரும்பாலும் காபன், அது உள்ளுக்குள் முறிந்திருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. ஒரு முறை பலமாக விழுந்த சைக்கிள் என்றால் ஃபோர்க்கைக் கழற்றி, மேலே போகும் தண்டு வரை தெரிந்தவரிடம் காட்டாமல் ஏறாதீர்கள்.

அந்தப் பையன் தேறிவிட்டான். கையைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் வலிக்கிறதாம். வெடித்த ஃபிரேம் சித்தப்பாவிடம் திரும்பிப் போகக் காத்திருக்கிறது. ஆகன் வைத்து ஒட்டத் தெரிந்தவரிடம் அவர் காட்டுவார், முடியாது என்றால் முடியாதுதான்.

மேலே சொன்னதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்கு சைக்கிளைச் சுவரில் சாத்திவிடுங்கள். கண்டிக்குப் போக வேண்டுமா? கலஹா வழியாகப் போகும் பஸ் இருக்கிறது. நின்றுகொண்டு போனாலும் பரவாயில்லை, அதில் ஏறிப் போங்கள்.